மசாலா அயிலையில் சிக்கு வாடை: ரோஸ்மேரி சாறு பயன்படுத்தியவர்கள் உதவுங்கள்

வணக்கம். தாராவியில் வீட்டிலிருந்தே மசாலா தடவிய மீன் விற்கிறேன். சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் வாங்கும் அயிலை, இங்கே பாங்டா என்பார்களே, ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குள் வைத்தும் மூன்றாம் நாள் பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை அடிக்கிறது. வாவலில் இப்படி இல்லை. காரணம் கிருமி மட்டுமல்ல. அயிலையில் கொழுப்பு அதிகம், அது காற்றுப் பட்டுச் சிக்காகிறது. ரோஸ்மேரி சாறும் கிரீன் டீ சாறும் இதைத் தாமதப்படுத்தும். ஐரோப்பாவில் ரோஸ்மேரி சாற்றுக்கு இ392 என்று உணவுச் சேர்க்கைப் பொருள் எண்ணே உண்டு. கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன், மீன் ருசியே போய்விட்டது.

பிள்ளைகளுக்கென்றே வாங்கிப் போகிறார்கள், அதனால் அளவு தெரியாமல் எதையும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. கிலோவுக்கு எவ்வளவு சாறு? மசாலாவில் கலப்பதா, மீனை முதலில் முக்கி எடுப்பதா? அப்புறம், வெர்சோவாவில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் படித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.