நான்கு தொழில்களின் கிரயத்தை ஒரே பக்கத்தில் ஒப்பிடுவது எப்படி?

பம்பலப்பிட்டி_கணக்கு

வணக்கம். ஒரே குழுமத்தின் கீழ் நான்கு தொழில்கள்: பியகமவில் ஆடைத் தொழிற்சாலை, தெகிவளையில் பேக்கரி, கொள்ளுப்பிட்டியில் 60 அறை ஹோட்டல், பேலியகொடையில் லொறிச் சேவை. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஒரு கிரய அறிக்கை அனுப்புகிறது. ஒன்றில் சம்பளத்துக்குள் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்கிறது, மற்றதில் அது தனி வரிசையில். ஒன்று இலட்சத்தில் எழுதுகிறது, மற்றது மில்லியனில்.

பணிப்பாளர் சபைக்கு மாதாமாதம் ஒரு பக்கச் சுருக்கம் போக வேண்டும். இப்போது போவது மொத்தச் செலவு விற்பனையில் எத்தனை வீதம் என்ற ஒரே கணக்கு: ஆடை 91, பேக்கரி 88, லொறி 83, ஹோட்டல் 72. இதைப் பார்த்தால் ஹோட்டல்தான் செலவைக் கட்டுப்படுத்துகிறது என்று தோன்றும். ஆனால் ஹோட்டல் கட்டடம் சொந்தம், மற்ற மூன்றும் வாடகை இடம்.

கேட்க விரும்புவது மூன்று. எந்த அடிப்படையில் ஒப்பிட்டால் நியாயம்? தலைமை அலுவலகச் செலவை நான்குக்கும் பங்கிடுவதா? அந்த ஒரு பக்கத்தில் எதைப் போடுவது, எதை விடுவது?

மேந்தலை

ஒப்பீட்டுக்குப் போகுமுன் "கிரயம்" என்ற சொல் நான்கு இடத்திலும் ஒன்றையே குறிக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு வாரம் போனாலும் போகட்டும். இதைத் தாண்டிப் போனால் பிறகு போடும் கூட்டல் எல்லாம் வீண்.

முதலில் வரி. வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள பிரிவு 118,000 ரூபா இன்வொய்ஸில் 18,000ஐத் திரும்ப எடுக்கிறது, அதற்குக் கிரயம் 100,000. பதிவில்லாத பிரிவுக்கும், வரிவிலக்கான பொருளை விற்கும் பிரிவுக்கும் அதே இன்வொய்ஸ் 118,000. இரண்டையும் ஒரே நிரலில் போட்டால் 18% வித்தியாசம் கொள்வனவு அதிகாரியின் திறமைக் குறைவு போலத் தெரியும். 2022 ஒக்டோபரில் வந்த எஸ்.எஸ்.சி.எல் (சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி) 2.5% அப்படியல்ல. அதைத் திரும்ப எடுக்க வழியில்லை, எங்கு செலுத்தினாலும் செலவுதான்.

அடுத்தது ஹோட்டலின் 10% சேவைக் கட்டணம். ஊழியருக்குப் பகிரப்படும் அந்தப் பணத்தை விற்பனையிலும் சம்பளத்திலும் சேர்த்தால் இரண்டு பக்கமும் வீங்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. செலவை விற்பனையால் வகுப்பது தொழிலுக்குத் தொழில் ஒப்பிட உதவாது. ஆடையில் துணியே பெரும் பங்கு. அது தொழிற்சாலையின் உழைப்பு அல்ல, வெறுமனே கடந்துபோகும் பணம். விற்பனையிலிருந்து வெளியே வாங்கிய பொருளையும் சேவையையும் கழித்தால் வருவது சேர்த்த பெறுமதி. உள்ளே நடக்கும் செலவை (கூலி, தேய்மானம், இட வாடகை, பராமரிப்பு) அதனால் வகுங்கள். வாடகையை உள்செலவாகவே வைக்கிறேன், சொந்த இடத்தையும் வாடகை இடத்தையும் நேர்படுத்த அதுதான் வசதி.

உங்கள் வீதங்களை வைத்தே ஒரு மாதிரி போடுகிறேன். வெளிக்கொள்வனவு என் ஊகம், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆடை: 100 விற்பனையில் வெளிக்கொள்வனவு 62, சேர்த்த பெறுமதி 38, உள்செலவு 29, ஆகவே 76%. பேக்கரி: 58, 42, 30, அதாவது 71%. லொறி (டீசல், டயர், உதிரிப்பாகம் வெளிக்கொள்வனவு): 52, 48, 31, அதாவது 65%. ஹோட்டல்: 28, 72, 44, அதாவது 61%.

இன்னமும் ஹோட்டல்தான் முன்னுக்கு நிற்கிறது. இப்போது சொந்தக் கட்டடத்தைச் சரிசெய்யுங்கள். கட்டடத் தேய்மானத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தை வெளியாருக்குக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய வாடகையைப் போட்டு, நிகரமாக 20 கூடுகிறது என்று வைப்போம். 64ஐ 72ஆல் வகுத்தால் 89%. முதலிடத்தில் இருந்தது கடைசிக்குப் போய்விட்டது. கொள்ளுப்பிட்டியில் இடத்துக்கு வாடகை இல்லை என்று கணக்கு வைப்பது அவ்வளவு பெரிய பிழை.

பழைய இயந்திரத்திலும் இதே சிக்கல் உண்டு. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது வாங்கிய 10,000 டொலர் இயந்திரம் புத்தகத்தில் 20 இலட்சம். பத்து வருடத் தேய்மானம் வருடத்துக்கு 2 இலட்சம். டொலர் 300 என்று வைத்தால் அதே இயந்திரத்துக்கு 3 இலட்சம். பழைய இயந்திரம் வைத்திருக்கும் பிரிவு சிக்கனமானது போலத் தெரிவது இதனால்தான். நிதிக்கூற்றில் தொடத் தேவையில்லை, உள்ளக ஒப்பீட்டில் மட்டும் மாற்றுப் பெறுமதியில் போடுங்கள்.

நேர்கூலி

மேலே சொன்னது சரி. கூலியையும் அதேபோல் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடிப்படைச் சம்பளத்தை வைத்து மணித்தியாலக் கூலி போடுவதுதான் அடிக்கடி காணும் பிழை.

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் உள்ள ஒருவரை எடுங்கள். மாதச் சம்பளம் 40,000. தொழில்தருநரின் ஈ.பி.எஃப் 12% 4,800, ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% 1,200. பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மாதத்துக்கு 1,667. மொத்தம் 47,667, வருடத்துக்கு 572,000. வாரம் 45 மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு 2,340. வருடாந்த விடுமுறை 14, அமய விடுமுறை 7, போயா உட்பட ஏனைய விடுமுறை 25 நாள் என்று வைத்து, 46 நாளை 8ஆல் பெருக்கிக் கழித்தால் 1,972 மணித்தியாலம். உண்மையில் வேலை நடந்த ஒரு மணித்தியாலத்தின் விலை 290 ரூபா. வெறும் 40,000ஐ 195ஆல் வகுத்தவர் 205 என்று எழுதியிருப்பார். 29% குறைவான எண்ணிலிருந்து விலை கூறினால் எங்கே போய் முடியும்?

ஆடைத் தொழிலில் சம்பளச் சபையின் விதிகள் வேறு, ஆகவே விடுமுறை எண்ணிக்கையை அப்படியே பிரதி செய்யாதீர்கள். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஆனால் அதற்கு ஈ.பி.எஃப் இல்லை. அதைத் தனி வரியில் வையுங்கள். பணிக்கொடை சட்டப்படி கிடைப்பது ஐந்து வருடம் முடித்தவருக்கு. ஆடைத் தொழிலில் ஆட்கள் அடிக்கடி மாறுவதால் முழுதையும் போட்டால் மிகைப்படும். கடந்த சில வருடங்களில் ஐந்து வருடம் தாண்டியவர் எத்தனை பேர் என்று பார்த்து அந்த விகிதத்தில் குறைத்துப் போடலாம்.

லைன்_பலன்ஸ்

வகுக்கும் எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதை இன்னும் யாரும் தொடவில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் அதன் சொந்த அலகு இருக்கிறது. அதைத் தவறாக எடுத்தால் சம்பளம் கூடாமலே கிரயம் கூடும்.

ஆடையில் அலகு உழைத்த நிமிடம். 40 ஒப்பரேட்டர், 480 நிமிடம், 55% வினைத்திறன் என்றால் 10,560 நிமிடம். லைனின் ஒரு நாள் செலவு 240,000 ரூபா. நிமிடம் 22.73, எஸ்.எம்.வி (ஒரு துண்டைத் தைக்க வைத்த நியம நிமிடம்) 22 உள்ள சட்டைக்குத் தையற் கிரயம் 500. வினைத்திறன் 45% ஆனால் நிமிடங்கள் 8,640, சட்டை 611 ரூபா. ஒரு ரூபா சம்பளம் ஏறவில்லை, சட்டை 111 ரூபா ஏறிவிட்டது. ஸ்டைல் மாறிய வாரத்தில் இது கட்டாயம் நடக்கும், எனவே புது ஸ்டைலின் முதல் வாரத்தைத் தனியாகக் காட்டுங்கள்.

பேக்கரியில் 450 கிராம் பாணுக்கு, வேகும்போதும் ஆறும்போதும் 12% குறையும் என்றால் மாவுருண்டை 511 கிராம் இருக்க வேண்டும். மா 100க்குத் தண்ணீர் 60, ஈஸ்ட், உப்பு, சீனி, கொழுப்பு சேர்ந்து 7 என்றால் மா மட்டும் 306 கிராம். 50 கிலோ மூட்டைக்கு 163 பாண். கடையிலிருந்து 5% திரும்பி வந்தால் 0.95ஆல் பெருக்கி 155 பாண்தான் காசாகும். கிரயத்தைக் காணும்போது 1.05ஆல் பெருக்குவார்கள், அது குறைத்துக் காட்டும்; 0.95ஆல் வகுக்க வேண்டும்.

லொறியில் கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதாதீர்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் அளவு, போய்வர 800. கிலோமீற்றருக்கு 150 என்றால் 120,000. போகும்போது 10 தொன், வரும்போது வெறும் லொறி: 4,000 தொன்-கிலோமீற்றர், ஒன்றுக்கு 30 ரூபா. வரும்போது 5 தொன் ஏற்றி வந்தால் 6,000, ஒன்றுக்கு 20. கிலோமீற்றர் கணக்கில் இரண்டு பயணமும் ஒன்றே.

ஹோட்டலில் மாதம் 9 மில்லியன் நிலையான கிரயம், 60 அறை, 30 நாள். 70% நிரம்பினால் 1,260 அறை-இரவு, ஒன்றுக்கு 7,143. 40% நிரம்பினால் 720, ஒன்றுக்கு 12,500. இதைக் கண்டு "செலவு ஏறிவிட்டது" என்று முகாமையாளரைத் திட்டுவது நியாயமல்ல, செலவு அப்படியே இருக்கிறது. நிலையான கிரயத்தை இருக்கும் அறையாலும் (5,000), மாறும் கிரயத்தைத் தங்கிய அறையாலும் வகுத்துத் தனித்தனியாகக் காட்டுங்கள்.

பம்பலப்பிட்டி_கணக்கு

மிக்க நன்றி. தலைமை அலுவலகச் செலவு இன்னும் பாக்கி. இப்போது விற்பனை விகிதத்தில் பங்கிடுகிறோம். இன்னொன்று: லொறிச் சேவை நம் ஆடைத் தொழிற்சாலைக்கும் பேக்கரிக்கும் ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்குக் கட்டணம் எழுதுவதில்லை.

மேந்தலை

பங்கிடாதீர்கள். விற்பனை விகிதத்தில் பங்கிட்டால் துணி விலை ஏறிய மாதம் ஆடைக்குத் தலைமை அலுவலகச் செலவும் ஏறும். அங்கே ஒரு கடதாசி கூடுதலாக அசைந்திருக்காது. நான்கு பிரிவின் பங்களிப்பையும் (விற்பனையில் அந்தப் பிரிவின் சொந்தச் செலவு போக மீதி) காட்டி, அதன் கீழே தலைமை அலுவலகத்தை ஒரே வரியில் கழியுங்கள்.

லொறிக்குக் கட்டணம் கட்டாயம் எழுதுங்கள், வெளியார் அதே ஓட்டத்துக்குக் கேட்கும் விலையில். இப்போது அது இல்லாததால் லொறி உள்ளதைவிட மோசமாகவும், ஆடையும் பேக்கரியும் உள்ளதைவிட நன்றாகவும் தெரியும். குழும மொத்தத்தில் அந்தத் தொகையை இரண்டு பக்கமும் நீக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ஒரே டீசல் இரண்டு தடவை எண்ணப்படும்.

நேர்கூலி

பங்கிடவே கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாதாந்த ஒப்பீட்டுக்கு அது சரி. ஆனால் ஆடை வாங்குபவருக்கு விலை கூறும்போது தலைமை அலுவலகச் செலவு ஏதோ ஒரு வழியில் மீட்கப்பட வேண்டும். அப்போது சம்பளப் பட்டியலில் எத்தனை பேர், எத்தனை கொள்வனவுக் கட்டளை என்று, அந்த வேலையை உண்டாக்கும் காரணியை வைத்துப் பங்கிடுங்கள். ஒப்பீட்டுத் தாள் வேறு, விலைத் தாள் வேறு.

மேந்தலை

ஒத்துக்கொள்கிறேன். இரண்டு தாள், அதுதான் சரி.

ஐந்தொகை

சுருக்கும் வேலைக்கு வருகிறேன்.

எக்செலில் முதல் ஷீட்டில் நான்கு பரீட்சை மீதிகளையும் (எல்லாக் கணக்குகளின் மீதிப் பட்டியல்) கை வைக்காமல் ஒட்டுங்கள். இரண்டாவது ஷீட்டில் ஒவ்வொரு கணக்கு இலக்கத்துக்கும் ஒரு பொது வகை: பொருள், கூலி, சக்தி, இடம், தேய்மானம், ஏனையவை. மூன்றாவதில் கூட்டுத்தொகை. பரீட்சை மீதியின் மொத்தத்துக்கும் உங்கள் வகைகளின் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் ஒரு கட்டம் இருக்கட்டும்; அது பூச்சியமாகாமல் அறிக்கை வெளியே போகக்கூடாது. புதிதாகத் திறந்த கணக்கு இலக்கம் வகைப்படுத்தப்படாமல் காணாமல் போவது இங்கேதான் பிடிபடும். முழுவதையும் ரூபாவில் வைத்துக் கடைசிப் பக்கத்தில் மட்டும் மில்லியனுக்கு மாற்றுங்கள். இலட்சம் எந்த ஷீட்டிலும் வேண்டாம்.

பக்கத்தில் பிரிவுக்கு ஒரு வரி: அலகு, அளவு, அலகுக்குப் பொருட்கிரயம், அலகுக்கு உள்செலவு, பயன்படாத கொள்ளளவின் செலவு, போன மாதத்திலிருந்து மாற்றம், காரணம் ஒரு வாக்கியம். பயன்படாத கொள்ளளவைத் தனியாக எடுப்பது என் விருப்பம் மட்டுமல்ல; இருப்புகளுக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்.கே.ஏ.எஸ் 2, நிலையான உற்பத்தி மேந்தலையை (வாடகை, தேய்மானம் போன்ற மறைமுகச் செலவை) வழமையான கொள்ளளவில்தான் இருப்புக்குச் சேர்க்கச் சொல்கிறது, அசாதாரண வீணையும் வெளியே வைக்கிறது.

மாற்றத்தை விலை, பாவனை என்று பிரிக்காமல் எழுதாதீர்கள். போன மாதம் ஒரு பாணுக்கு 306 கிராம் மா, கிலோ 200, ஆக 61.20. இந்த மாதம் 318 கிராம், கிலோ 210, ஆக 66.78. ஏறியது 5.58. அதில் விலையால் 3.18 (10 ரூபாவை 0.318ஆல்), பாவனையால் 2.40 (12 கிராமை 200ஆல்). "மா விலை ஏறிவிட்டது" என்று பேக்கரி எழுதி அனுப்பும். ஏற்றத்தில் நாற்பது வீதத்துக்கு மேல், நிறை போடும் இடத்துப் பிழையால்தான் என்பது இந்தப் பிரிப்பில்தான் தெரியும்.

வீதங்களின் சராசரி எடுக்காதீர்கள். 90 மில்லியன் விற்பனையில் 5% இலாபம், 10 மில்லியனில் 35%. சராசரி 20 என்று வரும், உண்மையில் 4.5உம் 3.5உம் சேர்ந்து 100க்கு 8.

வருடத்துக்கு வருடம் ஒப்பிடும்போது எல்லாவற்றையும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணால் வகுப்பதையும் தவிருங்கள். அது கொழும்பு நகரக் குடும்பங்களின் கூடை. 2022 செப்டெம்பரில் அது வருடத்துக்கு 69.8% ஏறியிருந்தது, துணியும் டீசலும் அதே வேகத்தில் ஏறவில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் மூன்று பெரிய கொள்வனவின் சொந்த விலையை வைத்துச் சிறிய சுட்டெண் செய்துகொள்வது நல்லது.

லைன்_பலன்ஸ்

மின்கட்டணம் பற்றி ஒரு சேர்க்கை. நேரப்படி கட்டணம் உள்ள இணைப்பில் உச்ச நேரம் மாலை 6.30 முதல் 10.30 வரை; 10.30க்குப் பின் அதிகாலை 5.30 வரை குறைந்த விலை. பேக்கரி போறணை எரிவது பெரும்பாலும் மலிவு நேரத்தில், ஹோட்டல் சமையலறையும் ஏசியும் உச்ச நேரத்தில். ஆகவே ஒரு யூனிட்டின் சராசரி விலையை இரு பிரிவுக்கும் இடையே ஒப்பிட வேண்டாம். பட்டியலில் உள்ள கேவிஏ கேள்விக் கட்டணத்தை (மாதத்தின் உச்ச மின்சுமைக்கு அறவிடுவது) நிலையான கிரயத்துக்கு எடுங்கள். ஒரு நாள் எல்லா இயந்திரத்தையும் ஒன்றாகப் போட்டாலே அந்த மாதம் முழுக்க அதற்குக் காசு போகும்.

மானி வாசிப்பு மாதக் கடைசியில் நடப்பதில்லை. 15ஆம் திகதி வாசித்த பட்டியலை அப்படியே அந்த மாதத்துக்கு எழுதினால், புத்தாண்டுக்கு மூடியிருந்த சித்திரையின் குறைந்த செலவு பாதி வைகாசியில் விழும். மாத முடிவில் காவலாளியையே மானியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அந்த யூனிட்டை வைத்து அட்டுறு (பட்டியல் வராத செலவை அந்த மாதத்துக்கே எழுதுவது) போடலாம். சித்திரையைப் பங்குனியோடு ஒப்பிடவும் வேண்டாம், போன வருடச் சித்திரையோடு வையுங்கள்.

பம்பலப்பிட்டி_கணக்கு

ஹோட்டல் வாடகைக்கு அதே வீதியில் இரண்டு மதிப்பீடு கேட்டிருக்கிறேன். லொறி ஓட்டங்களுக்கு இந்த மாதம் 1ஆம் திகதியிலிருந்து கட்டணம் எழுதத் தொடங்குகிறோம். ஒரு சந்தேகம் மட்டும்: பேக்கரியிலிருந்து ஹோட்டலுக்குப் போகும் பாணையும் வெளி விலையில்தான் எழுதுவதா?

மேந்தலை

ஆம், ஆனால் சில்லறை விலையில் அல்ல. பேக்கரி கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த விலையில் எழுதுங்கள். ஹோட்டல் திருப்பி அனுப்புவதில்லை என்றால் அந்த 5% திரும்பும் பாணின் செலவை அதில் ஏற்றக்கூடாது, அவ்வளவு தொகையைக் குறைத்துப் போடுங்கள்.