ராஸ்பெர்ரி பை வாங்கி என்ன செய்தீர்கள்? செட்டிநாட்டுக்காரர்கள் எழுதுங்கள்

குளவிக்கூடு (கானாடுகாத்தான்)

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையை வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போவோம். நானும் போனேன். தொட்டி மூடியின் உட்புறத்தில், ஒலியை அனுப்பித் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சார், கீழே கிணற்று மோட்டாரைப் போட்டு நிறுத்தும் சுவிட்சாக ஒரு ரிலே. சென்சார் பதில் அனுப்பும் எக்கோ காலில் (இணைப்பு முனையில்) 5 வோல்ட் வரும், பையின் கால் 3.3 வோல்ட்தான் தாங்கும் என்று தெரிந்து, இரண்டு ரெசிஸ்டர் போட்டுத்தான் இணைத்தேன். அந்தப் பாடத்தை யாரும் எனக்கு எடுக்க வேண்டாம்.

எட்டு மாதம் குறையில்லாமல் ஓடியது. பிறகு எங்கள் வீட்டில் முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்பு வந்தது. பங்காளிகள் அத்தனை பேரும் வந்து இறங்கியாயிற்று, இரண்டாம் கட்டில் அடுப்பு மூட்டியாயிற்று. ஆச்சி ஒருவர் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. என் கைபேசித் திரையோ "தொட்டி நிறைந்துள்ளது, 4 செ.மீ." என்கிறது. நான் எல்லோருக்கும் முன்னால் அந்தத் திரையைக் காட்டி, "தண்ணீர் இருக்கிறது, குழாயில்தான் அடைப்பு" என்று வாதாடிக்கொண்டிருந்தேன். பெரியப்பச்சி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுபத்தொரு வயதில் ஏணியில் ஏறி, மூடியைத் தூக்கி, உள்ளே ஒரு கூழாங்கல்லைப் போட்டார். டொக்கென்று காய்ந்த தரையில் விழுந்த சத்தம் கீழே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

சென்சாரின் இரண்டு கண்களையும் மூடி, குளவி மண்கூடு கட்டியிருந்தது. அந்தக் கல் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது.

பழைய ரேடியோக்காரர் (தேவகோட்டை)

தம்பி, குறை குளவியினுடையது அல்ல. தொட்டிக்கு மிதவை சுவிட்ச் போதும். மின்சாரம் போய் வந்தாலும் அதற்குக் கவலை இல்லை, குளவியைப் பற்றியும் கவலை இல்லை. ஒரு மோட்டாரை ஓட்டி நிறுத்த லினக்ஸ் இயங்குதளம் எதற்கு? சென்சாரே வேண்டும் என்றால் ஈ.எஸ்.பி. வகைச் சின்னப் பலகையை வைத்துக்கொள்ளுங்கள், அதில் கெட்டுப்போக எஸ்.டி. கார்டு கிடையாது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பை மறுபடி எழாமலே போகலாம். நம் பக்கம் மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? கார்டை வாசிக்க மட்டும் என்று பூட்டிவைக்கும் வசதி அமைப்புப் பட்டியலிலேயே இருக்கிறது, ஒருவரும் அதைத் தொடுவதில்லை. இன்னொன்று, அனலாக் சென்சார் வாங்கி நேரே பையில் செருகுகிறவர்களைப் பார்க்கிறேன். பையில் அனலாக் கால் கிடையாது. சென்சார் தரும் வோல்ட்டை எண்ணாக மாற்றித் தர எம்.சி.பி.3008 போல ஒரு சில்லு இடையில் வேண்டும். 2012 பிப்ரவரி 29இல் 35 டாலர் என்று இந்தப் பலகை வந்த நாளிலிருந்து இதையேதான் சொல்லி வருகிறேன்.

என் அனுபவம்: 5 வோல்ட்டைத் தவறான காலில் கொடுத்தேன். பலகை போயிற்று.

அத்தங்குடிக் கல் (சென்னை, ஊர் பள்ளத்தூர்)

ரேடியோக்கார அண்ணன் சொல்வதெல்லாம் சரிதான். என்னுடையது கேமரா கதை.

எங்கள் வீடு ஆண்டில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும். சுற்றுவட்டாரத்தில் பூட்டிய வீடுகளில் நிலைக்கதவும் தூணும் பெயர்ந்து போகும் கதை எல்லோருக்கும் தெரியும். பையின் சின்ன வகையான பை ஜீரோ டபிள்யூவில் பழைய 5 மெகாபிக்சல் கேமராவை மாட்டி, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) முழுவதும் தெரிகிற மாதிரி பட்டியக்கல்லுக்கு மேலே வைத்தேன். முகப்பில் வைத்த வைஃபை அந்தச் சுவர்களைத் தாண்டி உள்ளே வராது. அதனால் பக்கத்திலேயே சிம் போட்ட டாங்கிள். அசைவு தெரிந்தால் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பும்.

முதல் வாரமே ஆயிரத்துக்கு மேல் படங்கள். திருடனெல்லாம் இல்லை, வெயில்தான். முற்றத்தில் விழுகிற வெயில் கட்டம் தரைக்கல்லின் பூக்கள் மேல் மெல்ல நகர்கிறது. முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் வெளிச்சம் மாறினால் அதுவும் அசைவுதான் என்பது அந்த நிரலின் கணக்கு. வெயில் விழும் பகுதியை மறைத்துவிட்டுக் கணக்கிடச் சொல்லலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

நடுவே காவல்காரரின் படங்கள். அந்தப் பழைய கேமரா ஓடும்போது சிவப்பு விளக்கு எரியும். அடுத்து வந்த கேமராவில் அது கிடையாது. இதிலும் ஒரு வரி மாற்றினால் அணைத்துவிடலாம், நான் அணைக்கவில்லை. தினமும் காலை ஏழு மணிக்குத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவார். கேமராவுக்கு நேரே நிமிர்ந்து நிற்பார். வாய் அசையும். சில நாள் கை சாமியறைப் பக்கம் காட்டும், சில நாள் மேலே ஓட்டைக் காட்டும். எனக்கு ஒப்பிக்கிறார்! விளக்கு ஏற்றியாயிற்று, ஓடு உடைந்திருக்கிறது என்று ஏதோ சொல்லியிருப்பார். கேமராவில் மைக் கிடையாது.

திருவிழாவுக்குப் போனபோது கேட்டார், "நான் சொன்னதெல்லாம் கேட்டதா ஆச்சி?" என்று. உண்மையைச் சொல்லிவிட்டேன், படம் மட்டும்தான் வரும் என்று. "அப்படியா" என்றார், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவர் அந்த இடத்தில் நிற்பதே இல்லை. விளக்கு எரிகிறது, வீடு சுத்தமாக இருக்கிறது. படத்தில் வெயில் மட்டும் வருகிறது.

பழைய ரேடியோக்காரர்

யு.எஸ்.பி. மைக் ஒன்று வாங்கி மாட்டலாமே. பை ஜீரோவுக்கு ஓ.டி.ஜி. கேபிள் தேவைப்படும்.

புதுவயல் அரிசி

அண்ணே, அவர் மைக் கேட்கவில்லை.

என்னுடையது சின்னது. பை 4ஐப் பழைய கைபேசி சார்ஜரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் சின்னம் வந்து வந்து போகும். அப்பச்சி இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டு, மாடியில் காயப்போட்ட வற்றலை எடுக்கச் சொன்னார். மின்சாரம் போதவில்லை, 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும் என்பதுதான் அந்தச் சின்னத்துக்குப் பொருள். ஆனால் அன்று மாலை மழை பெய்தது. இன்றும் மழை விஷயத்தில் என் வீட்டில் பையைத்தான் நம்புகிறார்கள்.

பத்தாம் வகுப்பு முடித்தவன் (காரைக்குடி)

அறிவியல் கண்காட்சிக்கு, வளவு வீடு ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்று செய்தேன். ஐயா வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) வெப்பம் அளக்கும் டி.எஸ்.18பி20 சென்சார் ஒன்று, எங்கள் கான்கிரீட் வீட்டு மாடி அறையில் இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு பை. முற்றம் வழியாகச் சூடான காற்று மேலே போவது, சுண்ணாம்புச் சுவரின் கனம் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். திரையில் பட்டாலை 31, மாடி அறை 85. நான் திரையைப் பார்க்காமலே, "நீங்களே வித்தியாசத்தைக் காணலாம்" என்று கையை நீட்டினேன்.

நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, "அந்த அறையில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா தம்பி?" என்றார்.

வயர் ஒன்று தளர்ந்திருக்கிறது. மின்சாரம் விட்டு வந்தால், அந்த சென்சார் அளந்து முடிக்கும் முன் தருகிற ஆரம்ப எண்ணே 85தான். இது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். இப்போது 85 வந்தால் தூக்கிப் போட்டுவிடு என்று நிரலில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வகுப்பில் இன்னும் என் பெயர் எண்பத்தைந்து.

ஐந்து மணி (இளையாத்தங்குடி)

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

ஐயாவுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குத் திருப்பள்ளியெழுச்சி கேட்க வேண்டும். பையில் ஒலிப்பதிவை ஏற்றி, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கிரான் நிரலில் நேரம் குறித்து, பட்டாலையில் ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தேன். இரண்டு ஆண்டு ஒரு நாள் தப்பவில்லை.

ஐயா இறந்தது மாதாந்திர மின்தடை நாளில். காலை ஒன்பதுக்குப் போன மின்சாரம் மாலை ஐந்துக்கு வந்தது. வரும் முன்பே ரூட்டர் பிளக்கைப் பிடுங்கி, குளிர்பெட்டியின் பிளக்கைச் செருகி வைத்திருந்தார்கள். பழைய பையில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, நேரத்தை இணையத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். கேட்க வழியில்லை. விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் பகல் 1.43. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வரக் காத்திருக்கிறோம். ஓதுவார் திருவாசகம் பாடிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒலிபெருக்கி, ஐயாவின் தலைமாட்டிலிருந்து, பள்ளி எழுந்தருளச் சொல்லிப் பாடுகிறது. வளவு முழுக்க ஆட்கள். நான் ஓடிப்போய் வயரைப் பிடித்துவிட்டேன். பிடுங்கக் கை வரவில்லை. ஓதுவார் நிறுத்தினார், இரண்டு அடி கேட்டார், மூன்றாவது அடியில் அதே சுருதியில் சேர்ந்துகொண்டார்.

பழைய ரேடியோக்காரர்

வருத்தம்தான். ஆனால் கணக்கு இடிக்கிறதே. மின்சாரம் இல்லாதது 8 மணி நேரம். அப்படியானால் பகல் 1.00க்கு அல்லவா பாடியிருக்க வேண்டும்?

டி.எஸ்.3231 கடிகாரப் பலகை வாங்கிப் பொருத்துங்கள், பொத்தான் பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடும். பை 5இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

ஐந்து மணி

அந்த இயங்குதளம் மணிக்கு ஒருமுறை, 17ஆம் நிமிடத்தில்தான் நேரத்தைக் கார்டில் குறித்துவைக்கும். கடைசியாகக் குறித்தது 8.17. அதனால்தான் 43 நிமிடம் கூடுதல். நானும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவன்தான் ஐயா, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த இரவில். கடிகாரப் பலகையும் அந்த வாரமே வாங்கி மாட்டிவிட்டேன்.

அப்பத்தா இன்னும் கேட்கிறார், அன்றைக்கு அந்த நேரம் பார்த்து ஏன் பாடியது என்று. ஊரில் அதற்கு அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு 8.17ஐப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.