வாளையாருக்கு இந்தப் பக்கம் எச்ஐவி டெஸ்ட் எடுப்பதா, அந்தப் பக்கமா? பயத்தில் தூக்கமே இல்லை

கஞ்சிக்கோடு ஷிப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம், வேலை கஞ்சிக்கோட்டில், வயது 27. ஓணம் லீவு முடிகிற சமயத்தில் ஒருவரோடு உறவு வைத்துக்கொண்டேன். ஆணுறை போட்டிருந்தேன், ஆனால் கிழிந்துவிட்டது, முடிந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது தீபாவளியும் போய் ரெண்டு வாரம் ஆகிறது. புண் இல்லை, சீழ் இல்லை, காய்ச்சலும் வரவில்லை. ஆனால் ஒன்னுக்குப் போகும்போது லேசாக எரிகிற மாதிரி இருக்கிறது, நிஜமாகவே எரிகிறதா, நினைத்து நினைத்து எரிகிறதா என்றே தெரியவில்லை. காலையில் எழுந்ததும் போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் நாக்கைப் பார்க்கிறேன், வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கு வேலையே ஓடாது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கி அமுக்கிப் பார்த்து இப்போது அந்த இடமே வலிக்கிறது.

தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, எங்கள் ஊர் சுகாதாரப் பணியாளர் ஆஷா சேச்சி எங்களுக்கு அடுத்த வீடு. பாலக்காடு போவதா, எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் போவதா? வேறு மாநில ஆதார் என்றால் அங்கே எடுப்பார்களா? கூட வேலை பார்க்கிறவன் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறான், வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லாரிக்காரன்:

தம்பி, முதலில் டார்ச்சைக் கீழே வை. நாக்கைப் பார்த்து எச்ஐவி இருக்கா இல்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நான் சேலம் கொச்சி ரோட்டில் ரொம்ப வருஷம் ஓட்டினவன். ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் வாளையார் செக்போஸ்ட்டில் வண்டி நிற்க ஆரம்பித்தால் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி வண்டி நிற்கிற இடங்களில் தொண்டு நிறுவனத்து ஆட்கள் வந்து, விரலில் ஊசி குத்திப் பார்த்து ரிசல்ட் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் ஆட்களில் ரிசல்ட் வாங்கிப் பார்த்தவன் நிம்மதியாகப் போனான், பாசிட்டிவ் என்று தெரிந்தவனும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். பார்க்காமலே பயந்துகொண்டிருந்தவன்தான் சோறு இறங்காமல் இளைத்துப் போனான், அதைப் பார்த்து ஊரே நோய் என்று பேசியது. எந்தப் பக்கம் என்று யோசித்தே நாளை ஓட்டிவிடாதே, எது பக்கமோ அங்கே போ.

லேப் அக்கா:

நான் கோவைப் பக்கம் லேபில் இருக்கிறேன், விவரமாகவே சொல்கிறேன்.

இடம் முதலில். பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரியில் ஜோதிஸ் என்று கேளுங்கள், எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் கேரளாவில் அந்தப் பெயரில்தான் நடக்கிறது. பால்வினை நோய்களுக்கான கிளினிக்கை புலரி என்பார்கள். கோவை பெரிய ஆஸ்பத்திரியில் என்றால் நம்பிக்கை மையம், சுகவாழ்வு மையம். எல்லாம் இலவசம். நீங்கள் எந்த மாநிலம் என்பது பெரிய விஷயமே இல்லை. எங்கே எது இருக்கிறது என்று 1097க்கு அடித்தாலும் சொல்வார்கள், அதற்குக் காசு கிடையாது.

பெயர், வயது, விலாசம் கேட்பார்கள். ஆனால் ரத்தக் குழாயில் ஒட்டுவது எண்தான். 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கவும் கூடாது, ரிசல்ட்டை வெளியே சொல்லவும் கூடாது. வீட்டுக்குக் கடிதம் வராது, ஆஷா சேச்சிக்கும் தகவல் போகாது.

எச்ஐவி மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். கிழிந்த ஆணுறையால் சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, ஹெபடைட்டிஸ் பி எதுவும் வரலாம். சிபிலிஸில் வருகிற முதல் புண் வலிக்காது, சில வாரத்தில் தானே ஆறியும் விடும், ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும். அதற்கு விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் என்று ரத்தம் பார்ப்பார்கள். இருந்தாலும் பெனிசிலின் ஊசியிலேயே குணமாகிவிடுகிற நோய் அது. கிளமிடியா பல பேருக்கு ஒரு அறிகுறியும் காட்டாது, லேசான எரிச்சலோடு நின்றும் விடலாம். அதனால் எரிச்சலை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வெறும் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், தண்ணீர் குடிக்காமல் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு எரியத்தான் செய்யும்.

மெடிக்கல் மாத்திரை வேண்டாம். அவர் கொடுக்கிற ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் எரிச்சலை அமுக்கிவிடும், நோய் அரைகுறையாக நிற்கும், பிறகு சோதனையிலும் சரியாகத் தெரியாமல் போகலாம். டாக்டர் பார்த்துத் தேவை என்றால் அரசு கிளினிக்கிலேயே மாத்திரை கொடுப்பார்கள், அதற்கென்றே கலர் கலராக டப்பா வைத்திருக்கிறார்கள், இந்த மாதிரித் தொந்தரவுக்குச் சாம்பல் கலர்.

வழிப்போக்கன்:

மூணு மாசம் முடிந்து எடுத்தால்தான் எச்ஐவி சரியாகத் தெரியும் என்பார்களே, அதுவரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லுங்கள், இப்போது எடுத்து என்ன பிரயோஜனம்?

லேப் அக்கா:

பிரயோஜனம் நிறைய இருக்கிறது. நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்க்கிற நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாளில் நம்பலாம். தம்பிக்கு அது தாண்டிவிட்டது. விரலில் குத்திப் பார்க்கிற கிட் என்றால் இப்போது ஒன்று, 3 மாதம் முடிந்ததும் ஒன்று. சிபிலிஸுக்கும் 3 மாதத்தில் இன்னொரு தடவை பார்ப்பது நல்லது. அப்போதும் நெகட்டிவ் என்றால் முடிந்தது, அதற்கு மேல் மாசாமாசம் போய் எடுக்காதீர்கள், எங்கள் லேபுக்கு அப்படி வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னொரு டெஸ்ட் தேவையில்லை, மனநல டாக்டரிடம் நாலு வார்த்தை பேசினால் போதும். ஒருவேளை முதல் கிட்டில் ரியாக்டிவ், அதாவது இருக்கலாம் என்று வந்தால் அதை வைத்துப் பாசிட்டிவ் என்று சொல்ல மாட்டார்கள், வேறு ரெண்டு கிட்டிலும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. ஆணுறை கிழிந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே ஓடுங்கள், எச்ஐவி வராமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மீனாட்சிபுரத்துப் பெண்:

எல்லாரும் உங்களைப் பற்றியே பேசுகிறார்கள் அண்ணா, நான் நீங்கள் கட்டிக்கப்போகிற பொண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ரிசல்ட் வராமல் அவரோடு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பெண்களுக்குக் கிளமிடியா வந்தால் வெளியே தெரியாமல் உள்ளேயே ஏறிக் கருக்குழாயை அடைத்துவிடும், குழந்தை இல்லை என்று பின்னால் அலைவதும் திட்டு வாங்குவதும் அவராகத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டு பேருமே ரத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்களே பேச்சை ஆரம்பியுங்கள், பெண் வீட்டில் கேட்டால் சண்டையாகிவிடும், மாப்பிள்ளை கேட்டால் மரியாதையாகப் பார்ப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடவில்லை என்றால் ரெண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள். உங்களோடு இருந்தாரே, அவருக்கும் சொல்லிவிடுங்கள், அவரும் ஒருபக்கம் பயந்துகொண்டுதான் இருப்பார்.

கஞ்சிக்கோடு ஷிப்ட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவருக்கு இப்போதுதான் மெசேஜ் போட்டேன், தானும் வருகிறேன் என்றார். வியாழக்கிழமை நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பாலக்காடு போகிறோம். வெறும் வயிற்றில் போகணுமா?

லேப் அக்கா:

வேண்டாம், ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிட்டுவிட்டே போங்கள். சிறுநீர் மட்டும் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து போகாமல் வைத்திருங்கள், டப்பாவில் முதலில் வருவதையே பிடிக்கணும், நடுவில் பிடித்தால் கிளமிடியா சரியாகத் தெரியாது.