மூளைக்குள் கரண்ட்: மனச்சோர்வு தேறுமா, தேறியதாகத் தோன்றுமா?

நிலாமுற்றம்:
நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க் 2005இல் டொரண்டோவிலிருந்து வெளியிட்ட ஆய்வு இது. மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் மனச்சோர்வு விடாத 6 பேர். மூளையின் முன்பக்க அடியில் 'பகுதி 25' என்ற சின்ன இடம் இந்த நோயில் அளவுமீறி வேலை செய்வதை ஸ்கேனில் முன்பே பார்த்திருந்தார். மண்டையில் துளையிட்டு அங்கே மின்முனையை இறக்கினார்கள். விழித்திருந்த நோயாளிகளில் சிலர், கரண்டைத் திறந்ததும் உள்ளே இருந்த வெறுமை போய்விட்டது என்றார்கள், அறையே பளிச்சென்று ஆனதாகவும். 6 மாதத்தில் 4 பேர் தேறினார்கள்.

சந்தேகசாமி:
6 பேரை வைத்து ஊரைக் கூட்டாதீர்கள். அடுத்து 90 பேரிடம் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? எல்லோருக்கும் மின்முனை வைத்து, சிலருக்கு மட்டும் கரண்டைத் திறக்கவில்லை. 6 மாதத்தில் தேறியவர்கள்: கரண்ட் உள்ளவர்களில் 20 சதவீதம், இல்லாதவர்களில் 17. சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மண்டையையே துளைக்கக் கொடுத்தவர் 'பரவாயில்லை டாக்டர்' என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்?

நிலாமுற்றம்:
அதே ஆட்களில் 2 வருடம் கழித்து ஏறக்குறையப் பாதிப் பேர் தேறியிருந்தார்களே, ஐயா?

சந்தேகசாமி:
அதற்குள் எல்லோருக்கும் கரண்டைத் திறந்துவிட்டார்கள். ஒப்பிட ஆளில்லை. மனச்சோர்வு தானாகவும் ஏறி இறங்கும்.

காவேரிக்கரை:
இறங்குமா? என் அண்ணனுக்கு 9 வருடமாக இறங்கவில்லை. பல் தேய்க்கப் போவார், பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்குவார், அப்படியே குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெறும் நம்பிக்கையில் தேறுகிறவர் என்றால் முதல் மாத்திரையிலேயே தேறியிருப்பார்.

சந்தேகசாமி:
வருத்தமாக இருக்கிறது அம்மா. ஆனால் கரண்ட் இல்லாமலே தேறிய அந்த 17 சதவீதமும் உங்கள் அண்ணனைப் போலப் பல வருடம் கிடந்தவர்கள்தான்.

நிலாமுற்றம்:
சரி, 2023க்கு வாருங்கள். 10 பேரில் 9 பேர் 6 மாதத்தில் தேறினார்கள். இந்தமுறை மூளையின் மின்னலைகளையும் அதே கருவி பதிவு செய்தது. ஒருவருக்கு நோய் திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பே அலைகள் மாறியிருந்தன. டாக்டரைச் சந்தோஷப்படுத்தச் சொல்லும் பதிலா இது?

சந்தேகசாமி:
இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தேறியது நிஜம் என்று அது காட்டும். கரண்டால்தான் தேறினார் என்று காட்டாது. அந்த 10 பேரோடும் ஒப்பிட, கரண்டை அணைத்து வைத்த குழு இல்லை.

காவேரிக்கரை:
அப்படி ஒரு குழுவில் அண்ணனைச் சேர்க்கக் கேட்டால் சம்மதிப்பேனா என்று ராத்திரி யோசித்தேன். சம்மதிப்பேன். அணைத்து வைத்தாலும் 6 மாதம்தானே, அப்புறம் திறந்துவிடுவார்கள்.