29 அங்குல மலைச் சைக்கிளுக்கு ரிஜிட் ஃபோர்க்: எந்த நீளத்தில் வாங்குவது?

கேள்வி (தேயிலைச்சரிவு):

அனைவருக்கும் வணக்கம். நான் எட்டு ஆண்டுகளாக ஓட்டிவருவது 29 அங்குலச் சக்கரங்கள் கொண்ட, பின்புறம் சஸ்பென்ஷன் இல்லாத ஒரு மலைச் சைக்கிள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, 100 மி.மீ. அமுங்கும் ஏர் ஃபோர்க். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் மழையிலும் சேற்றிலும் ஓடியதில் சீல்கள் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. காற்று அடித்து வைத்தாலும் இரண்டே நாளில் இறங்கிவிடுகிறது. இந்த மாடலுக்கு உதிரிபாகங்கள் இனி வராது என்று சர்வீஸ் செய்பவர்கள் சொல்லிவிட்டதால், அமுங்காத ரிஜிட் ஃபோர்க்குக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது கைக்கு எட்டும் விலையில் இரண்டு ஃபோர்க்குகள் கிடைக்கின்றன. ஒன்று 440 மி.மீ. நீளம், மற்றொன்று 483 மி.மீ. முதலாவது பாதி விலைதான். 29 அங்குலச் சக்கரம் தாராளமாக உள்ளே போகும், ஆகவே பொருந்தும் என்கிறார் கடைக்காரர். என் பழைய ஃபோர்க்கை டேப் வைத்து அளந்தபோது 491 மி.மீ. வந்தது. அப்படியானால் 491-க்கு இணையான ஒன்றைத் தேட வேண்டுமா, அல்லது இந்த இரண்டில் ஒன்று போதுமா? சைக்கிளின் ஓட்டம் கெட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை.

மறுமொழி (பட்டறைமேசை):

வணக்கம். சக்கரம் உள்ளே போவது வேறு, ஃபோர்க் அந்த ஃபிரேமுக்குப் பொருந்துவது வேறு. நீங்கள் பார்க்க வேண்டியது, ஆக்ஸிலின் மையத்திலிருந்து ஃபோர்க்கின் தோளில் கிரவுன் ரேஸ் என்ற பேரிங் வளையம் உட்காரும் இடம் வரையுள்ள நீளம். ஃபிரேமின் முன்முனையில் ஃபோர்க் நுழையும் ஹெட் டியூப் எந்தச் சாய்வில் நிற்கும், பெடல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் சுழலும் என்பதையெல்லாம் அந்த ஒரு நீளமே தீர்மானிக்கிறது.

உங்கள் 491 என்ற அளவில் எனக்கு ஐயம் இருக்கிறது. 29 அங்குலச் சக்கரத்துக்கான 100 மி.மீ. ஃபோர்க்குகள் பெரும்பாலும் 500 முதல் 510 மி.மீ. வரை இருக்கும். காற்று இறங்கிப்போன ஃபோர்க்கைத் தரையில் நிறுத்தி அளந்திருந்தால், சைக்கிளின் சொந்த எடையிலேயே அது சற்று அமுங்கியிருக்கும். காற்றை முழுவதும் அடித்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் கடைசி வரை நீண்ட நிலையில் மீண்டும் அளந்து பாருங்கள்.

அந்த முழு நீளத்திலும் ரிஜிட் ஃபோர்க் வாங்கக் கூடாது. நாம் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் ஃபோர்க் தன் மொத்த அசைவில் 20 முதல் 25 சதவீதம் அமுங்கி நிற்கிறது. நாம் பழகியிருக்கும் ஓட்டம் அந்த அமுங்கிய நிலையின் ஓட்டம்தான். ரிஜிட் ஃபோர்க் அமுங்காது. எனவே முழு நீளத்திலிருந்து 20 முதல் 25 மி.மீ. கழித்துக்கொள்ள வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் ஃபோர்க் என்றால், அதன் காலில் ஒரு கேபிள் டையைக் கட்டி, சீல் வரை இறக்கிவிட்டு, பையையும் மாட்டிக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்கினால், டை நகர்ந்த தூரமே அமுங்கல். கசியும் ஃபோர்க்கில் அந்தச் சோதனை கூடுதலாகக் காட்டும் என்பதால், உங்களுக்குச் சதவீதக் கணக்கே பாதுகாப்பானது.

முழு நீளம் 506 என்று வைத்துக்கொண்டால் 481 முதல் 486 வரை வருகிறது. 483 மிகச் சரியாக அதற்குள் அமைகிறது.

440 போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்புறம் 20 மி.மீ. இறங்கினால் ஹெட் டியூப் ஏறக்குறைய 1 பாகை நிமிர்கிறது. நீங்கள் பழகிய நிலையிலிருந்து 44 மி.மீ. இறங்கும்போது 2 பாகைக்கும் மேல் நிமிர்ந்துவிடும். ஹெட் டியூப் 72 பாகையிலிருந்து 74-ஐத் தாண்டினால், 46 மி.மீ. ஆஃப்செட் (ஸ்டியரிங் அச்சுக்கோட்டிலிருந்து ஆக்ஸில் முன்தள்ளி நிற்கும் தூரம்) கொண்ட ஃபோர்க்கில் டிரெயில் (அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கு எவ்வளவு பின்னால் டயர் தரையைத் தொடுகிறது என்ற அளவு) சுமார் 70 மி.மீ.-இலிருந்து 56-க்குக் குறைகிறது. சமவெளிச் சாலையில் அது சுறுசுறுப்பாகத் தெரியலாம். ஆனால் சரளைக்கல் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில்பார் கையில் நிற்காமல் அலைபாயும். அத்துடன் கிராங்க் அச்சு சுமார் 17 மி.மீ. தாழ்ந்துவிடுவதால், தேயிலைத் தோட்டத்துப் பாறைகளிலும் வேர்களிலும் பெடல் மோதும். பாதி விலைக்காக இதை ஏற்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி (ஒற்றைக்கியர்):

மேலே உள்ள கணக்கு சரியானது. ஆனால் டயரையும் அதில் சேர்க்க வேண்டும். ரிஜிட் ஃபோர்க் போட்ட பிறகு உங்களுக்கு முன்னால் இருக்கும் ஒரே மெத்தை டயர்தான் என்பதால், பலரும் 2.1 அங்குலத்திலிருந்து 2.4 அல்லது 2.6-க்கு மாறுகிறார்கள். 2.6 அங்குல டயர் முன்புறத்தை ஏறக்குறைய 10 மி.மீ. உயர்த்தும், அது ஃபோர்க்கை அதே அளவு நீட்டியதற்குச் சமம். நீங்களும் அத்தனை அகலமான டயருக்குப் போவதாக இருந்தால் 470-ஐ ஒட்டிய நீளமே போதும். 2.4 என்றால் 483-ஐ மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று. 5 மி.மீ. கூடுதல் குறைவுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஃபோர்க் ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக்கிலும் அதைவிடப் பன்மடங்கு அசைந்துகொண்டுதான் இருந்தது. அதே நேரத்தில், பாதுகாப்புக்காகச் சற்று நீளமாகவே இருக்கட்டும் என்று 530 போன்ற அளவுக்கும் போக வேண்டாம். ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். நெம்புகோல் நீளும் அளவுக்கு ஹெட் டியூப் வெல்டுகளின் மேல் விழும் விசையும் கூடும்.

மறுமொழி (பழைய26):

நீளம் தெளிவாகிவிட்டதால் மற்றவற்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஹெட் டியூப் நேரான 1⅛ அங்குல ஸ்டியரருக்கானதா (ஹெட் டியூபுக்குள் போகும் ஃபோர்க்கின் மேல்குழாய்), அடியில் 1½ அங்குலம் வரை விரியும் டேப்பர் வகையா என்று முதலில் பாருங்கள். ஹப் 9 மி.மீ. குவிக் ரிலீஸா, 15 மி.மீ. ஆக்ஸிலா என்பதும் ஃபோர்க்கோடு ஒத்துப்போக வேண்டும். டிஸ்க் பிரேக் காலிப்பர் மாட்டும் முறை மாறினால் ஒரு அடாப்டரோடு முடிந்துவிடும்.

ஸ்டியரர் குழாயை அவசரப்பட்டு அறுக்காதீர்கள். நான் என் 26 அங்குலச் சைக்கிளுக்கு ஃபோர்க் மாற்றியபோது, பழைய குழாயை அருகில் வைத்து அதே உயரத்துக்கு அறுத்துவிட்டேன். புதிய ஃபோர்க் பழையதன் முழு நீளத்தைவிடக் குறைவு என்பதால் ஹேண்டில்பார் தாழ்ந்துபோய், இரண்டு மணி நேரம் ஓட்டினாலே கழுத்து வலித்தது. அறுத்ததை ஒட்ட வழியில்லை. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்முக்கு மேலும் கீழும் ஸ்பேசர் வளையங்கள் போட்டு ஒரு மாதம் ஓட்டிவிட்டு, உயரம் பழகிய பிறகு அறுங்கள். இறுக்குவதற்கு முன் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, ஃபோர்க்கின் தோள் ஃபிரேமின் கீழ்க்குழாயான டவுன் டியூபில் இடிக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர் (தேயிலைச்சரிவு):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காற்றை நிரப்பி, முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி அளந்தேன்: 507 மி.மீ. ஐயா சொன்னபடியே, முதலில் அளந்தபோது ஃபோர்க் 16 மி.மீ. உட்கார்ந்திருக்கிறது. 483-ஐயே வாங்குகிறேன், முன்னால் 2.4 அங்குல டயர். என் ஃபிரேம் டேப்பர் வகை, அந்த ஃபோர்க்கின் ஸ்டியரரும் டேப்பர்தான். ஹப் 9 மி.மீ. என்பதால் அந்த வகை ஆக்ஸிலோடு வருகிறதா என்று நாளை கடையில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுகிறேன். குழாயை இப்போதைக்கு அறுக்கப் போவதில்லை.