முதல் குறிப்புக்குப் பெயர்: திட்டிவாசலா, பிடியா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நான் கேட்ட சொல் இன்னும் அந்தரத்தில்தான் தொங்குகிறது. சொல்விளையாட்டுக்குள் விடையை ஒளித்துவைக்கும் மறைகுறிப்புக் குறுக்கெழுத்தில் ஒரு கட்டம்கூட நிரம்பாமல் விழித்துக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு குறிப்பு மட்டும் நெகிழ்ந்து கொடுக்கும். அது கொடுத்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் ஒவ்வொன்றாக இளகும். அந்த முதல் குறிப்புக்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கிலப் புதிர்க்காரர்கள் உள்ளே போகும் வழி என்றோ, கால் வைக்க ஓர் இடம் என்றோ பேச்சுவாக்கில் சொல்லிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. நாமாகப் பெயர் வைத்தால்தான் உண்டு.

சிலர் 'நுழைவாயில்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தச் சொல் இணையத்தளங்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் நாளாகிறது. தவிர, நுழைவாயில் என்பது வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படுவது. நான் கேட்பதோ தேடித் தடவினால்தான் தட்டுப்படுவது. 'தொடக்கக் குறிப்பு' என்றால் இடமிருந்து வலம் ஒன்றாம் எண் நினைவுக்கு வரும். அதில் தொடங்கி முடித்தவர் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் கை தூக்கட்டும்.

சொல்லைத் தேடுமுன் பொருளை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நால்வர் கூடுவோம். நான், ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சுங்குடிக் கடையில் கணக்கு எழுதும் நண்பர், பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகள். அன்றைக்கு வந்தது 11-க்கு 11 கட்டம். நண்பர் ஒருவர் கையாலேயே கோடு போட்டு அனுப்பியிருந்தார். முக்கால் மணி நேரம் போயிற்று. வாங்கி வைத்த பருத்திப்பால் ஆறி ஆடை கட்டிவிட்டது. ஓர் எழுத்துகூட விழவில்லை.

நாங்கள் மாட்டிக்கொண்ட குறிப்பு இது (அடைப்புக்குள் விடையின் எழுத்து எண்ணிக்கை): 'அவை கைவிட்டவருக்குள் ஓடும் ஆறு (2)'.

'கைவிட்ட' என்பதைப் பார்த்ததுமே, ஏதோ ஒரு சொல்லிலிருந்து 'கை' என்ற எழுத்தை நீக்கச் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டோம். அவை என்றால் சபை, மன்றம், சங்கம். எதிலும் நீக்குவதற்குக் கை இல்லை. ஆறு என்பது எண்ணா, நதியா, வழியா, 'மனம் ஆறு' என்கிற ஏவலா என்று இன்னொரு சண்டை. இதற்கிடையில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்த அக்கா மகள், செருப்பை மாட்டிக்கொண்டே குறிப்பைச் சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசித்தாள். அவைகைவிட்டவருக்குள். பல மாதம் கண்ணெதிரே ஓடாத வைகை அன்றைக்குக் காதுக்குள் ஓடியது.

ஓலைச்சுவடியில் சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது, மெய்க்குப் புள்ளியும் கிடையாது. சுவடி படித்துப் பழகியவரிடம் இந்தக் குறிப்பு அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது என்றார் ரயில்வே பெரியவர். மிகச் சரி. அச்சு வந்து கொடுத்த இடைவெளியைத்தான் புதிர்க்காரர் நமக்கு எதிராகவே திருப்பிவிடுகிறார்.

வைகையின் 'வை' கட்டத்தில் உட்கார்ந்ததும், அங்கிருந்து மேலிருந்து கீழாக இறங்கும் குறிப்பைப் பார்த்தோம்: 'விடியுமுன் கறைக்கு முன்னே வை (3)'. முக்கால் மணி நேரமாக அந்த 'வை'யை ஏவல் வினை என்றே படித்துக்கொண்டிருந்தோம். பென்சிலால் எழுதிய பிறகுதான் அது வெறும் எழுத்தாகத் தெரிந்தது. கறைக்கு முன்னே வை, வைகறை. இன்னும் இரண்டு மூன்று குறிப்பு தள்ளி, 'பாதிச் சுங்கம் செலுத்திய குடி உடுத்தும் சேலை (4)'. கணக்கு எழுதுகிற நண்பர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நாள் முழுக்க அந்தச் சேலைக்குத்தான் பில் போடுகிறார்.

சுங்குடியின் இரண்டாம் எழுத்து, குறுக்கே போகும் ஏழெழுத்துச் சொல்லுக்கும் இரண்டாம் எழுத்து. 'ங்' விழுந்துவிட்டால், அங்ஙனம் இங்ஙனம் போன்ற சில சொற்கள் நீங்கலாக, அடுத்த கட்டத்தில் க வரிசைதான் வந்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுத்து இலக்கணம் எதற்கு என்று அலுத்துக்கொண்ட என் போன்றவர்களுக்கு இதுதான் பதில். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பது இன்னொரு உதவி. ஆங்கிலக் கட்டத்தில் விழுவது 26 எழுத்தில் ஒன்று. நம் கட்டத்தில் 247-இல் ஒன்று. நம்முடைய ஓர் உயிர்மெய் கிடைப்பது, அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு எழுத்து கிடைத்தது போல. அதனால் தமிழ்ப் புதிரில் நுழைவதுதான் பாடு, நுழைந்துவிட்டால் ஓட்டம்தான். அந்த ஏழெழுத்தைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? தூங்காநகரம்.

இந்தக் குணத்துக்குப் பொருந்துகிற சொல் திட்டிவாசல் என்பது என் கட்சி. கோட்டைக் கதவிலும் பழைய பெருங்கதவுகளிலும் ஒரு பலகையளவுக்கு வெட்டி வைத்த சின்னக் கதவு. பெரிய கதவு சாத்தியிருக்கும்போது, தலையைக் குனிந்து, ஒரு காலை முதலில் உள்ளே வைத்து, தோளைச் சாய்த்து நுழைய வேண்டும். உள்ளே போனவர் தாழ்மரத்தை நீக்கிப் பெரிய கதவையே திறந்துவிடலாம். இரண்டெழுத்து வைகை எங்களுக்குச் செய்ததும் அதைத்தான்.

மதுரையில் வாசலுக்கா பஞ்சம்? 'வாடிவாசல்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். சொல் துடிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடிவாசல் வழியாக மாடுதான் நம்மை நோக்கி வருகிறது. நாம் உள்ளே போவதில்லை. 'வண்டிவாசல்' எனக்கு உண்மையிலேயே சபலம் தந்தது. அழகர்கோயிலில் ராஜகோபுரத்துக் கதவு பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் கதவு. சந்தனம் பூசி அடைத்தே இருக்கும். சனமெல்லாம் பக்கத்தில் வண்டிவாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது. இடமிருந்து வலம் ஒன்றாம் எண்ணில் மிரட்டிக்கொண்டு நிற்கும் பதினோரெழுத்துக் குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கும்பிட்டுவிட்டுப் பக்கத்து வாசலுக்குப் போவதுதான் விவேகம். ஆனாலும் கலைச்சொல் என்றால் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் விளங்க வேண்டும். மனமில்லாமல் விலக்குகிறேன்.

இடையில் ஒன்று. குறிப்பில் விடையை ஒளிக்கும் தந்திரங்களின் பெயர்களையும் புதிதாக உருவாக்க வேண்டும், இது வெளிநாட்டு விளையாட்டு என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். கட்டம் வெளிநாட்டுச் சரக்குதான். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் இதழில் ஆர்தர் வின் போட்டது. தந்திரம் அப்படியல்ல. அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில், எழுத்தை வைத்து விளையாடும் பாட்டான சித்திரகவி 12 வகை. ஒன்றுக்குள் ஒன்றை ஒளிப்பதற்குக் கரந்துறை, திருப்பிப் படித்தாலும் மாறாததற்கு மாலைமாற்று என்று பெயர்கள் அங்கே தயாராக இருக்கின்றன. அக்கரச்சுதகத்துக்கு அது காட்டும் பாட்டு எனக்கு மனப்பாடம். பொன் தூணில் வந்தவன், பொய்கை ஈன்றவன், மோகினி பெற்ற பிள்ளை, யார் இவர்கள் என்று மூன்று குறிப்பு. கநகாரி, நகாரி, காரி என்று மூன்று விடை: நரசிங்கம், முருகன், சாத்தன். விடைக்கு விடை தலையில் ஓரெழுத்து போகிறது. இன்றைக்குப் புதிர் போடுகிறவர் இதைச் செய்தால் கொண்டாடுவோம். பெயர் மட்டும் வாயில் நுழைய மறுக்கிறது. 'தலைவெட்டு' என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

மதுரையிலிருந்து


மேலூரிலிருந்து வந்த மறுமொழி

தம்பிக்கு,

திட்டிவாசல் நல்ல சொல். ஆனால் அந்தக் கதவை இன்றைக்கு எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? நாற்பது வருடம் தமிழ் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன்: கரும்பலகையில் எழுதினால் கடைசி வரிசையிலிருந்து 'யாரைத் திட்டி, ஐயா?' என்று குரல் வரும்.

சனங்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. 'ஒன்றும் பிடிபடவில்லை', 'ஒரு பிடி கிடைத்துவிட்டது' என்கிறோமே, அந்தப் பிடி. இரண்டே எழுத்து. வினையாகவும் வரும், பெயராகவும் வரும். ஜல்லிக்கட்டில் வாசலை விடுங்கள், திமிலைப் பாருங்கள். கொம்பைப் பிடித்தால் செல்லாது, வாலைப் பிடித்தால் செல்லாது. திமிலில் கை விழ வேண்டும். குறிப்பை அடக்குவதும் அப்படித்தான்.

இன்னொரு சொல்லும் தருகிறேன். விடை கண்டவர் அதைச் சொல்லிவிடாமல், காணாதவருக்கு வழி மட்டும் காட்டுகிறாரே, அதற்கு ஆற்றுப்படை. பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனைச் செலுத்துவதும் அதுதானே? அந்தப் பெண் குறிப்பை வாசித்தாளே தவிர, விடையைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மேலூரிலிருந்து


மதுரையிலிருந்து மீண்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆற்றுப்படையை இரு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆற்றுப்படுத்துதல் என்பதை இப்போது மனநல ஆலோசனைக்கு எழுதுகிறார்கள் என்று யாராவது தடை சொல்லலாம். முக்கால் மணி நேரம் ஓரெழுத்தும் விழாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த உதவியும் தேவைப்பட்டது என்பதால், நான் தடை சொல்ல மாட்டேன்.

காளைதான் இடிக்கிறது. கொம்பும் வாலும் செல்லாது என்கிறீர்கள். மறைகுறிப்பில் விடையின் நேர்ப்பொருள் தலையிலோ வாலிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. வைகைக்கு 'ஆறு' கடைசியில். வைகறைக்கு 'விடியுமுன்' முதலில். சுங்குடிக்குச் 'சேலை' கடைசியில். உங்கள் விதிப்படி திமிலையே பிடித்துத் தொங்கினதால்தான் 'கைவிட்ட' என்ற நடுச்சொல் எங்களை இழுத்துக்கொண்டு ஓடியது.

ஆனால் 'பிடி'யை விடவும் மனமில்லை. ஒரு குறிப்பின் சூட்சுமம் விளங்குவது வேறு, ஒரு குறிப்பு முழுக் கட்டத்தையும் திறப்பது வேறு. சுங்குடியில் எங்களுக்குப் பிடி கிடைத்தது. ஆனால் அது திறந்துவிட்டது அந்த ஏழெழுத்தை மட்டும்தான். பிடி இருபது முறை கிடைக்கும். திட்டிவாசல் ஒரு புதிருக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. ஆகவே இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் தனித்தனியாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்ன கேள்வி வருகிறதா என்று அக்கா மகளிடம் திட்டிவாசலைச் சொல்லியும் பார்த்தேன். 'யாரைத் திட்டி?' என்று அவளும் கேட்டாள், தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். பெருங்கதவையும் சின்னக் கதவையும் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அடுத்த ஞாயிறு புதிரைக் கையில் வாங்கியதும், "வாசல் கிடைத்ததா மாமா?" என்றாள். திட்டியை அவளாகவே உதிர்த்துவிட்டாள். ஆகவே பட்டியலில் 'திட்டிவாசல். சுருக்கமாக, வாசல்' என்று பதிகிறேன். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதவும்.

மேலூர் ஐயாவுக்கு மட்டும் நான் போட்ட ஒரு குறிப்பு: 'ஊடலுக்குப் பின் வரும் ஊர் (3)'. மூன்று கட்டம்தானே என்று அவசரப்பட்டு மதுரை என்று எழுதிவிடாதீர்கள்.