டர்போவுக்கு ஆயில் லைன் மட்டும் போதுமா, கூலன்ட் லைனும் கட்டாயமா?

பாலக்கோடு_வாசி:
வணக்கம். என்னுடையது மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார். வாரன்டி முடிந்துவிட்டது. கொஞ்ச நாளாக, எஞ்சினை ஆற வைக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், டர்போவில் ஒரு சின்னக் குழாய் சேரும் இடத்தில் இளஞ்சிவப்பாக உப்புப் பூத்த மாதிரி காய்ந்திருக்கிறது. தருமபுரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பைப் வர நாளாகும், விலையும் ஜாஸ்தி, ரெண்டு பக்கமும் அடைத்து பைபாஸ் பண்ணிவிடலாம், டர்போவுக்கு ஆயில் போனால் போதும் என்கிறார்கள். முன்பு வீட்டில் இருந்த ஸ்விஃப்ட் டீசலில் டர்போவுக்கு ஆயில் குழாய் மட்டும்தான் இருந்தது, பல வருஷம் ஓடியும் அதில் கை வைக்கவே இல்லை. அதனால் அவர்கள் சொல்வது சரியோ என்றும் தோன்றுகிறது. அடிக்கடி சேலம் போய் வருகிறேன், திரும்பும்போது தொப்பூர் மேடு ஏற வேண்டும். என்ன செய்யலாம்?

காவேரிப்பட்டணம்_லோடு:
தாராளமாக அடைக்கலாம் தம்பி. மாங்காய் சீசனில் எங்கள் வண்டிகள் முழு லோடோடு மேடு ஏறுகின்றன, எதிலும் டர்போவுக்கு வாட்டர் லைன் கிடையாது. ஆயிலையும் ஃபில்டரையும் நேரத்துக்கு மாற்றுங்கள், மேடு ஏறி வந்தவுடனே ஆஃப் பண்ணாதீர்கள், அது போதும்.

ஓசூர்_ஸ்பேனர்:
அடைக்கவே கூடாது. அண்ணன் சொல்வது டீசலுக்குச் சரி, உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. டீசல் எஞ்சினுக்குள் எப்போதும் தேவைக்கு மேலே காற்று போகும், அதனால் டர்பைனுக்கு, அதாவது டர்போவில் புகை சுழற்றும் சக்கரத்துக்கு வரும் புகை பெரும்பாலும் 700, 800 டிகிரி செல்சியஸுக்குள் நின்றுவிடும். டர்போ பெட்ரோலில் 950 டிகிரி என்பது சாதாரணம்.

ஆயிலுக்கு அங்கே ரெண்டு வேலை. நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும் ஷாஃப்டைப் பேரிங்கில் உரசாமல் மிதக்க வைக்க வேண்டும், அப்படியே சூட்டையும் அள்ளிக்கொண்டு எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சம்புக்கு இறங்க வேண்டும். எஞ்சின் ஓடும்வரை இதெல்லாம் நடக்கும். ஆஃப் பண்ணிய பிறகுதான் சிக்கல். ஆயில் பம்ப் நின்றுவிடுகிறது, ஆனால் டர்பைன் பக்கத்து வார்ப்பிரும்பு இன்னும் தகித்துக்கொண்டிருக்கிறது, அந்தச் சூடு ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்கும் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலுக்கும் வந்து சேரும்போது, அங்கே தங்கின கொஞ்ச ஆயில் காய்ந்த தோசைக்கல்லில் விட்ட எண்ணெய் மாதிரி கருகி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரி சேரச் சேர ஆயில் துளை அடையும், ஷாஃப்டில் ஆட்டம் வரும், சீல் போய் நீலப் புகை தள்ளும்.

கூலன்ட் லைன் முக்கியமாக இந்த நேரத்துக்காகத்தான். பம்ப் ஓடாவிட்டாலும் சூடான கூலன்ட் மேல் குழாய் வழியாக ஏறிப் போகும், அந்த இடத்துக்குக் கீழ்க் குழாயிலிருந்து ஆறினது வரும். சில கார்களில் இதற்கென்றே எஞ்சின் நின்ற பிறகும் ஓடும் சின்ன எலக்ட்ரிக் பம்ப் வைத்திருப்பார்கள். இன்னொன்று, உள்ளே கொஞ்சம் கூலன்ட் இருக்கும்போதே ரெண்டு வாயையும் அடைத்துவிட்டால், அது கொதித்து ஆவியாகும், போக வழியில்லாமல் பிரஷர் ஏறும். பைப் காசைப் பார்த்து டர்போவையே இழக்காதீர்கள்.

பாலக்கோடு_வாசி:
ரொம்ப நன்றி அண்ணா, இப்போதுதான் தெளிவானது. அப்புறம் ஒன்று, மேடு ஏறி வந்து டீ குடிக்க நிறுத்தினால் எவ்வளவு நேரம் ஐட்லிங்கில் விட வேண்டும்? பைப் முழுசாகத்தான் மாற்ற வேண்டுமா?

ஓசூர்_ஸ்பேனர்:
லைன் சரியாக இருந்தால் நீண்ட நேரம் தேவையில்லை. மேட்டில் மிதித்து ஏறின கையோடு நிறுத்தாமல் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் நிதானமாக வாருங்கள், அதுவே ஆற வைத்துவிடும். ஏறினவுடனே நிறுத்த வேண்டி வந்தால் ஒரு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணுங்கள். வண்டி நின்றதும் எஞ்சினைத் தானே அணைக்கும் ஆட்டோ ஸ்டார்ட் ஸ்டாப் இருந்தால் அந்த நேரத்தில் அதை அணைத்து வையுங்கள்.

பைப்பை மாற்றும் முன், அதை டர்போவோடு சேர்க்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டில் போல்ட் தலைக்கு அடியில் ஒன்றும் பைப்புக்கு அடியில் ஒன்றுமாக இருக்கும் காப்பர் வாஷர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றினால் புது வாஷர்தான் போட வேண்டும், பழையதையே திரும்பப் போட்டு இறுக்கினால் மறுபடியும் கசியும். பூத்திருப்பது அந்த இடத்தில் மட்டும் என்றால் வாஷரோடு வேலை முடியலாம். பைப்பில் வெடிப்பு இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். எதுவானாலும் எஞ்சின் முழுசாக ஆறின பிறகே கூலன்ட் மூடியைத் திறக்க வேண்டும்.

பென்னாகரம்_ரோடு:
பைப் வரும்வரை குறையுதே என்று போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, டர்போவுக்குள் கூலன்ட் போகும் குறுகலான வழியில் படிந்துவிட்டால் கழுவி எடுப்பது பெரும்பாடு. கம்பெனி சொல்லும் கூலன்ட், கலக்க வேண்டிய வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர், இரண்டும் தருமபுரியிலேயே கிடைக்கும். வேலை முடிகிறவரை சேலம் போக வேண்டாம், மேட்டில் கூலன்ட் காலியானால் டர்போவோடு, எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டும் சேர்ந்து போகும்.